மெல்லிய நேர்முடியில் டிரெட்லாக்ஸ் அவிழாமல் நின்ற விதம்

என் முடி மெல்லியது, நேரானது; ஆகவே புதிதாகப் போட்ட டிரெட்லாக்ஸ் (முடியைச் சிக்கவைத்துக் கயிறுபோல் திரட்டிய சடைகள்), தலைக்குக் குளிக்கும்போதெல்லாம் வேர்ப்பக்கம் விரல் அகலத்துக்கு அவிழ்ந்துவிடும். மெழுகு தடவிப் பார்த்தேன். அது பஞ்சையும் தூசியையும் பிடித்ததே தவிர, முடியைப் பிடிக்கவில்லை. குளிப்பதைத் தள்ளிப்போட்டபோது பிசுக்கேறி இழைகள் மேலும் வழுக்கின.

அலசிய பின்னும் சடை விரலிடையே பட்டுப்போல் நழுவியதுதான் துப்பு: ஷாம்பூவில் கலந்திருந்த கண்டிஷனர் இழைகள்மேல் படிந்து, அவை ஒன்றோடொன்று சிக்கவிடாமல் தடுத்திருந்தது. படிவு விடாத ஷாம்பூவை நீரில் கரைத்து உச்சந்தலையில் மட்டும் ஊற்றி அலசி, சடைகளைத் துண்டால் ஒற்றிப் பிழிந்து, உள்வரை காயவிட்டேன் (ஈரத்தோடு கட்டினால் உள்ளே பூஞ்சை நாற்றம் பிடிக்கும்). பின்னர் உப்புநீரை லேசாகத் தெளித்து, உலர்ந்ததும் வேரை விரல்நுனியால் ஒரே திசையில் வட்டமாகத் தேய்த்து, தப்பிய இழைகளை நுனியில் கொக்கியுள்ள மெல்லிய குரோஷே ஊசியால் உள்ளிழுத்தேன். அடுத்த குளியலுக்குப் பிறகு வேர்கள் அசையவில்லை, பெரும் நிம்மதி.