ஏற்காட்டு இணைப்பு அறுந்தால் ஒரே ஓர் எச்சரிக்கை போதும்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக் கிளையைக் கண்காணிக்க நெட்வொர்க் மேலாண்மை மென்பொருள் நிறுவினால், கருவிகளைச் சேர்க்கும்போதே ஏற்காட்டு ரவுட்டரைத் தாய்க் கருவியாகக் குறித்துவிடுங்கள். அதற்குப் பின்னால் உள்ள ஸ்விட்ச், கேமரா, பிரிண்டர் எல்லாம் அதைச் சார்ந்தவை என்று பதியுங்கள். நாகியோஸ், லிப்ரேஎன்எம்எஸ் ஆகிய இரண்டு கண்காணிப்பு மென்பொருள்களிலும் இந்த வசதி உண்டு. ஜாபிக்ஸ் என்ற மென்பொருளில் டிரிக்கர்களுக்கு (எச்சரிக்கையைக் கிளப்பும் விதிகளுக்கு) இடையே சார்பு அமைக்க வேண்டும்.

மென்பொருள் ஒவ்வொரு கருவியையும் தனித்தனியாகத்தான் விசாரிக்கிறது. மலைப்பாதையில் கேபிள் அறுந்தால், வழி அடைபட்டதா கருவி பழுதா என்று அதற்குத் தெரியாது. கிளையில் 20 கருவிகள் இருந்தால் 20 எச்சரிக்கைகளை அனுப்பும். சார்பைச் சொல்லிவைத்தால் ரவுட்டருக்கான ஒன்று மட்டும் வரும். நள்ளிரவில் அந்த ஒரு வரியைப் படித்தாலே கோளாறு எங்கே என்று புரிந்துவிடும், இது பெரிய நிம்மதி.

ரவுட்டரை 1 நிமிடத்துக்கு ஒருமுறை சோதிக்கச் சொல்லி, மற்றவற்றின் எச்சரிக்கைக்கு 3 நிமிடத் தாமதம் வையுங்கள். இல்லாவிட்டால் அவை முந்திக்கொள்ளும்.

கிளைக்கு இரண்டு ரவுட்டர்கள் வழியே இரண்டு தனி இணைப்புகள் இருந்தால், ஒன்றை மட்டும் தாயாகக் குறிக்காதீர்கள். அந்த ஒன்று விழுந்திருக்கும் நேரத்தில் மற்ற கருவிகளின் உண்மையான பழுதும் மறைந்துபோகும்.