தொழிலாளர் மையத்தில் நாட்கூலிக்கு ஆள் கேட்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மழைக்காலம் ஓய்ந்து களை முழங்கால் உயரத்துக்கு எழும்பியதும், நாட்கூலி வேலை தேடுபவர்கள் காலையில் கூடும், கலிபோர்னியாவின் வளைகுடாப் பகுதியிலுள்ள தொழிலாளர் மையங்களில் தொலைபேசி ஓயாது. அப்படியொரு மையத்தில் சனிக்கிழமைக் காலைகளில் தன்னார்வலனாக அழைப்புகளை எடுக்கிறேன். அதற்கு முன் பல ஆண்டுகள் அதே மையத்தில் ஆள் கேட்டுக்கொண்டிருந்த வீட்டுக்காரன். புதிதாக வீடு வாங்கியவர்கள், அவர்களில் நம் தமிழர்களும் கணிசமானவர்கள், நான் அந்நாளில் செய்தவற்றையே வரிசை மாறாமல் செய்வதைக் கேட்டுக்கேட்டுத்தான் இதை எழுத நேர்ந்தது. சொன்ன நேரத்துக்கு வராமலிருப்பது, உணவு இடைவேளை விடாமலிருப்பது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. அவை தவறென்று செய்பவர்களுக்கே தெரியும்.

மையத்தை முதலாளி என்று நினைப்பது

ஆள் அனுப்பும் நிறுவனங்கள் தம் ஊழியரை உங்களிடம் அனுப்பி, உங்களிடம் ஒரு தொகையை வாங்கி, அதில் ஒரு பகுதியைத் தொழிலாளிக்குக் கொடுக்கின்றன. தொழிலாளர் மையம் அப்படிப்பட்டதன்று. அது லாப நோக்கற்ற அமைப்பு. பெரும்பாலான மையங்கள் கூலியிலிருந்து தரகு எடுப்பதில்லை. காலையில் வந்தவர்களின் பெயர்களை வரிசைப்படியோ குலுக்கல் முறையிலோ அழைத்து வேலையைப் பகிர்ந்து கொடுப்பதும், குறைந்தபட்சக் கூலியையும் குறைந்தபட்ச மணிநேரத்தையும் அறிவித்து வைப்பதும், தகராறு வந்தால் நடுவில் நிற்பதும்தான் அதன் பணி. பல மையங்களில் அந்தக் குறைந்தபட்சக் கூலியைத் தொழிலாளர்களே கூட்டம் கூட்டி முடிவு செய்கிறார்கள். எனவே அன்று ஒரு நாளைக்கு முதலாளி என்பவர் நீங்கள்தான், வேறு எவருமில்லை.

இதற்குச் சட்டத்திலும் பொருள் உண்டு. கலிபோர்னியாவில் வீட்டுக் காப்பீட்டுடன் வரும் பொறுப்புக் காப்பீட்டில், வீட்டில் வேலை செய்பவர்களுக்கான தொழிலாளர் இழப்பீடும் சேர்ந்திருக்க வேண்டும் என்பது விதி. ஆனால் காயம்பட்ட நாளுக்கு முந்தைய 90 நாட்களில் அவர் உங்களிடம் 52 மணி நேரத்துக்குக் குறைவாக வேலை செய்திருந்தாலோ, 100 டாலருக்குக் குறைவாகச் சம்பாதித்திருந்தாலோ அந்த இழப்பீட்டு முறைக்குள் அவர் வரமாட்டார். ஒரே ஒரு நாள் வந்தவர் ஏணியிலிருந்து விழுந்தால், அவர் உங்கள் கவனக்குறைவைக் காட்டி நேரடியாக வழக்குத் தொடுக்கும் நிலை வரலாம். ஆள் கேட்பதற்கு முன் காப்பீட்டு முகவரிடம் இதைப் பேசிக்கொள்ளுங்கள். வரியைப் பொறுத்தவரை, ஒரே நபருக்கு ஓராண்டில் நீங்கள் கொடுக்கும் கூலி, 2025 ஆம் ஆண்டுக் கணக்குப்படி, 2,800 டாலரைத் தொட்டால் சமூகப் பாதுகாப்பு வரியும் மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீட்டுக்கான வரியும் செலுத்தி, ஆண்டு வரிக்கணக்குடன் வீட்டு ஊழியருக்கான வரியைக் காட்டும் ஷெட்யூல் எச் படிவத்தை இணைக்க வேண்டும். எப்போதாவது ஒரு நாள் ஆள் வைப்பவர் இந்த எல்லையைத் தொடுவது அரிது. வாரந்தோறும் ஒரே ஆளைக் கேட்பவர் எளிதில் தொட்டுவிடுவார்.

"சின்ன வேலைதான்" என்று சொல்வது

மற்ற தவறுகளையெல்லாம் நான் பொறுத்துக்கொள்வேன். இதை மட்டும் இன்றுவரை என்னால் பொறுக்க முடிந்ததில்லை.

சன்னிவேலில் பழைய வீடொன்றை வாங்கியிருந்த தமிழர் ஒருவர் அழைத்தார். "சின்ன வேலைதாங்க, பின்பக்கத் தோட்டத்தைச் சுத்தம் பண்ணணும், ஒரு ஆள், நாலு மணி நேரம் போதும்" என்றார். என்னென்ன வேலை என்று கேட்டேன். "சும்மா சுத்தம் பண்றதுதான்" என்றார். அன்று வரிசையில் முதலில் நின்றவர் அறுபதை நெருங்கும் ஒரு பெரியவர். செடி கத்தரிப்பதிலும் களை எடுப்பதிலும் அவரை மிஞ்ச ஆளில்லை. கத்தரியும் கையுறையுமாகப் புறப்பட்டுப் போனார். அங்கே அவருக்குக் காத்திருந்தவை, வேலியோரம் ஓடிய ஒரு பழைய கான்கிரீட் நடைபாதையும் வெட்டப்பட்ட மரமொன்றின் அடிக்கட்டையும்.

அந்த நடைபாதை 3 அடி அகலமும் 30 அடி நீளமும் 4 அங்குலத் தடிமனும் கொண்டது என்று பின்னர் தெரிந்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 30 கன அடிக் கான்கிரீட், கன அடிக்கு ஏறத்தாழ 150 பவுண்டு. மொத்தம் 4,500 பவுண்டு, அதாவது இரண்டு டன். அதை உடைத்து, தள்ளுவண்டியில் ஏற்றி, வீட்டைச் சுற்றித் தெருவரை கொண்டுவர வேண்டும். ஐம்பது பேருக்குச் சமைக்க வேண்டும் என்று சமையற்காரரை அழைத்துவந்துவிட்டு, முந்நூறு இலை போட்டுக் காட்டுவது போன்ற காரியம் இது.

வீட்டில் சம்மட்டிகூட இல்லை. வீட்டுக்காரர் உடைக்கும் இயந்திரத்தை வாடகைக்கு எடுக்கப் போய்த் திரும்பும் வரை பெரியவர் காத்திருந்தார்; அந்த நேரத்துக்கும் கூலி உண்டு என்பதை மாலையில்தான் வீட்டுக்காரர் அறிந்தார். அடிக்கட்டையைத் தோண்டியபோது சொட்டுநீர்ப் பாசனத்துக்குப் போகும் குழாய் உடைந்தது. உடைந்தது தண்ணீர்க் குழாயாக இருந்தது அதிர்ஷ்டம். எரிவாயுக் குழாயாகவும் இருந்திருக்கலாம். மண்ணைத் தோண்டுவதற்குக் குறைந்தது இரண்டு வேலை நாட்களுக்கு முன் 811 என்ற எண்ணை அழைத்தால், பொது நிறுவனங்களின் குழாய்களும் கம்பிகளும் போகும் தடத்தைத் தரையில் வண்ணம் பூசி இலவசமாகக் குறித்துத் தருவார்கள்: மஞ்சள் எரிவாயுவுக்கு, சிவப்பு மின்சாரத்துக்கு, நீலம் குடிநீருக்கு, பச்சை கழிவுநீருக்கு. உங்கள் வளாகத்துக்குள் நீங்களே பதித்த பாசனக் குழாய்களை அவர்கள் குறிக்கமாட்டார்கள். அவற்றை வீட்டுக்காரர்தான் காட்ட வேண்டும். தோண்டும் வேலை இருக்கிறதென்று காலையில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், 811ஐ அழைத்தீர்களா என்று நானே கேட்டிருப்பேன், வேலையை அடுத்த வாரத்துக்குத் தள்ளியிருப்போம்.

மாலையில் தொலைபேசி வந்தது. இடித்தல் வேலைக்கும் பாரம் தூக்கும் வேலைக்கும் எங்கள் மையத்தில் தோட்ட வேலையைவிட மணிக்கூலி அதிகம். வீட்டுக்காரர் "தோட்டக் கூலின்னுதானே பேசினோம்?" என்றார். பேசியது உண்மைதான், செய்தது தோட்ட வேலையில்லை என்பதும் உண்மைதான். நெடுநேரப் பேச்சுக்குப் பின் முழுக் கூலியையும் கொடுத்தார். இத்தனைக்கும் பிறகு நடைபாதையில் பாதி உடையாமல் கிடந்தது. குழாய் சரிசெய்ய வந்தவருக்குத் தனிச் செலவு. பெரியவர் முதுகுவலியால் அந்த வாரம் முழுவதும் மையத்துக்கு வரவில்லை, அவருக்கு அந்த வாரக் கூலியும் இல்லை. இளைஞர் இருவரை, உரிய கருவிகளோடு, உரிய கூலிக்கு அழைத்திருந்தால் வேலையும் முடிந்து, மொத்தச் செலவும் குறைந்திருக்கும்.

இது என்னை எரிச்சலூட்டுவதற்குக் காரணம் உண்டு. தெரியாமல் சுருக்கிச் சொல்பவர்கள் சிலரே. வேலையைப் பெரிதாகச் சொன்னால் கூலியும் பெரிதாகிவிடும் என்று பயந்து சுருக்கிச் சொல்பவர்களே அதிகம். ஊரில் காலையில் நாற்சந்தியில் நிற்கும் ஆட்களிடம் இப்படிப் பேசி அழைத்துப்போன பழக்கமும் அதில் கொஞ்சம் ஒட்டியிருக்கிறது. அங்கே நின்றவரும் வந்தபின் வேலையைப் பார்த்து மறுபேச்சுப் பேசுவார், அது வேறு ஏற்பாடு. இங்கே மையம் நீங்கள் சொல்லும் சொற்களை மட்டுமே வைத்து ஆளையும் கூலியையும் முடிவு செய்கிறது. எங்களால் உங்கள் தோட்டத்தை எட்டிப் பார்க்க முடியாது.

எப்படிச் சொல்ல வேண்டும் என்றால் இப்படி: "3 அடிக்கு 30 அடி கான்கிரீட் நடைபாதையை உடைத்து, தெருவோரம் நிற்கும் குப்பைத் தொட்டியில் போட வேண்டும். தொட்டிக்கும் நடைபாதைக்கும் நடுவே ஆறு படிகள் இருக்கின்றன. உடைக்கும் இயந்திரமும் தள்ளுவண்டியும் என்னிடம் உண்டு. காதுக் காப்பும் கண்ணாடியும் வாங்கி வைத்திருக்கிறேன். நாய் ஒன்று இருக்கிறது, கட்டிப்போடுவேன்." இத்தனையும் சொல்ல ஒரு நிமிடம் போதும். நீளம், தடிமன், எடை, உயரம், படிகள், கழிவு எங்கே போகிறது, கருவி யாருடையது என்பவற்றில் எதையாவது நீங்கள் விட்டுவிட்டால், அது மாலையில் கூலித் தகராறாகத் திரும்பி வரும். அளவு தெரியாவிட்டால் படம் எடுத்து அனுப்புங்கள். குறைத்துச் சொல்வதற்குக் கொஞ்சம் கூட்டிச் சொல்வதே மேல். வேலை சீக்கிரம் முடிந்ததற்காக எந்தத் தொழிலாளியும் சண்டை போட்டு நான் பார்த்ததில்லை.

மொத்தமாகப் பேசி முடிப்பது

"குளியலறை முழுவதையும் எவ்வளவுக்குச் செய்து தருவாய்?" என்று நேரில் தொழிலாளியிடம் கேட்பவர்கள் உண்டு. மணிக்கூலிக்கு, உங்கள் சொல்படி வேலை செய்பவர் உங்கள் ஊழியர். மொத்தத் தொகைக்கு ஒரு வேலையை ஏற்பவர் ஒப்பந்தக்காரர். கலிபோர்னியாவில் 2025 ஜனவரி முதல் 1,000 டாலரை எட்டும் கட்டுமான வேலைகளுக்கு அவருக்கு உரிமம் வேண்டும். அதற்கு முன் இந்த எல்லை 500 டாலராக இருந்தது. தொகை குறைவாக இருந்தாலும் நகராட்சி அனுமதி தேவைப்படும் வேலையானால் உரிமம் இல்லாமல் ஏற்கக் கூடாது. உரிமம் தேவைப்படும் வேலையை உரிமமில்லாதவரிடம் கொடுத்தால், விபத்து நேரும்போது சட்டம் அவரை உங்கள் ஊழியராகவே பார்க்கும். மொத்தப் பேச்சால் உங்கள் பொறுப்பு குறையாது என்பது இதன் பொருள்.

கூடவே இன்னொரு வேலையைச் சேர்ப்பது

வண்ணம் பூச அழைத்தவரிடம், நேரம் மிஞ்சியதென்று, உட்கூரையின் சொரசொரப்பான பாப்கார்ன் பூச்சைச் சுரண்டச் சொல்லாதீர்கள். இந்தப் பகுதியில் 1950களிலும் 60களிலும் கட்டிய வீடுகள் ஏராளம். 1980க்கு முந்தைய இத்தகைய பூச்சுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும், 1978க்கு முந்தைய வண்ணத்தில் ஈயம் இருக்கக்கூடும். முதலில் ஆய்வுக்கூடத்தில் சோதியுங்கள். இருந்தால் அது நாட்கூலி வேலையே அல்ல.

உயரமான மரம்

15 அடியும் அதற்கு மேலும் உயர்ந்த மரத்தை வெட்டுபவருக்கு உரிமம் வேண்டும். அதற்கு மையத்தில் ஆள் கேட்காதீர்கள்.

குடியேற்ற ஆவணம் கேட்பது

கேட்காதீர்கள். தனியார் வீட்டில் எப்போதாவது நடக்கும் வீட்டு வேலைக்கு, வேலை செய்யும் தகுதியைச் சரிபார்க்கும் ஐ-9 படிவம் தேவையில்லை என்பது கூட்டாட்சி விதி.

வேலை நடுவே கடைக்கு அழைத்துப்போவது

பொருட்களை முந்தைய நாளே வாங்கிவிடுங்கள். கடையில் நிற்கும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் நீங்கள் கூலி கொடுக்கிறீர்கள் என்பது ஒரு காரணம். 2025 ஜூனில் லாஸ் ஏஞ்சல்ஸில் ஹோம் டிப்போ என்ற கட்டுமானப் பொருள் கடையின் வாகன நிறுத்தத்தில் வேலைக்குக் காத்திருந்தவர்களைக் குடியேற்றத் துறையினர் பிடித்துச் சென்ற பிறகு, அந்தக் கடைகளின் வாசலில் கால் வைக்கவே பலர் அஞ்சுகிறார்கள் என்பது அதைவிடப் பெரிய காரணம். உங்களிடம் மறுத்துச் சொல்லக் கூச்சப்பட்டுக் காரில் ஏறி உட்கார்ந்துவிடுவார்கள்.

ஸ்பானிய மொழி எல்லாருக்கும் தாய்மொழி என்று நினைப்பது

குவாத்தமாலாவின் மலைப்பகுதிகளிலிருந்து வந்தவர்களில் பலருக்கு மாம் போன்ற மாயா மொழிகளே தாய்மொழி. ஸ்பானியம் அவர்களுக்கும் பள்ளியிலோ பிழைப்பிலோ கற்றுக்கொண்ட இரண்டாம் மொழி. கைபேசி மொழிபெயர்ப்பில் நீண்ட வாக்கியங்களைக் காட்டிவிட்டு "புரிந்ததா?" என்று கேட்டால் தலையாட்டுவார்கள். பிடுங்க வேண்டிய செடியைக் கையால் தொட்டுக் காட்டுங்கள். பிடுங்கக் கூடாத செடிக்குத் துணிநாடா கட்டுங்கள். என் வீட்டுக் கறிவேப்பிலைச் செடி பிழைத்திருப்பது அந்த நாடாவால்தான்.

கூலியை நாளைக்குத் தருவதாகச் சொல்வது

அன்றே, அங்கேயே, முழுவதும்.

இதற்குமேல் எழுத வேண்டியதில்லைதான். ஆனால், அமெரிக்காவின் 20 மாநிலங்களிலும் தலைநகரிலும் 2,660 நாட்கூலித் தொழிலாளர்களிடம் விசாரித்து 2006இல் வெளிவந்த தேசிய ஆய்வு, அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் முந்தைய இரண்டு மாதங்களில் ஒருமுறையாவது செய்த வேலைக்குக் கூலி பெறாமல் ஏமாற்றப்பட்டிருந்ததைக் காட்டியது. அவர்களை வேலைக்கு அழைத்தவர்களில் ஏறத்தாழப் பாதி, வீட்டில் குடியிருப்பவர்கள். ஒப்பந்தக்காரர்களின் எண்ணிக்கை அதைவிடக் குறைவு. தொடங்கிய நேரம், முடிந்த நேரம், இடைவேளை, கொடுத்த தொகை நான்கையும் மையத்தின் வேலைச் சீட்டில் இருவரும் பார்க்க எழுதிவிடுங்கள்.

அடுத்த முறை மையத்தைத் தாண்டிப் போவது

ஒருவர் வேலை பிடித்துப்போனதும் அவருடைய கைபேசி எண்ணை வாங்கிக்கொண்டு, அடுத்த வாரம் நேரடியாக அழைத்து, கூலியையும் கொஞ்சம் குறைத்துப் பேசுவது வழக்கமாக நடக்கிறது. பல மையங்கள் அதே ஆளைப் பெயர் சொல்லிக் கேட்க இடமளிக்கின்றன. அதற்காக நீங்கள் கூடுதலாக எதுவும் கொடுக்க வேண்டியதில்லை. பெயர் சொல்லி மையத்தின் வழியே கேட்டால் வேலைச் சீட்டு இருக்கும், கூலி முன்கூட்டியே தெரிந்திருக்கும், அவருக்கு உடம்பு சரியில்லாத நாளில் வேறொருவர் வருவார், மாலையில் கருத்து வேறுபாடு வந்தால் பேச மூன்றாவது ஆள் ஒருவர் இருப்பார். அழைக்கும்போது அவருடைய பெயரோடு முன்பு வந்த தேதியையும் சொல்லுங்கள். ஒரே பெயரில் எங்களிடம் பலர் இருக்கிறார்கள்.