720720 என்ற எண்ணை அக்கு வேறு ஆணி வேறாகப் பிரிப்பது எப்படி?

பெரிய எண் ஒன்று கையில் கிடைத்தால் உடனே 2, 3, 4 என்று வரிசையாக வகுக்க ஆரம்பிக்காதீர்கள், முதலில் இலக்கங்களைக் கொஞ்ச நேரம் பாருங்கள். 720720-இல் 720 இரண்டு முறை வருகிறது. மூன்று இலக்கங்கள் இப்படித் திரும்ப வந்தாலே அந்த எண் 1001-ஆல் மீதியின்றி வகுபடும், ஏனென்றால் 720000-உடன் 720-ஐக் கூட்டுவதும் 720-ஐ 1001-ஆல் பெருக்குவதும் ஒன்றுதான். 1001 என்பது 7 × 11 × 13. பெரிய பகா எண்கள் மூன்றும் வகுக்காமலேயே வந்துவிட்டன! மிச்சமுள்ள 720 சுலபம், 2⁴ × 3² × 5.

சரி, மொத்தத்தையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: 2⁴ × 3² × 5 × 7 × 11 × 13. இனி அசல் எண்ணைத் தொடவே வேண்டாம், எல்லாக் கேள்விக்கும் இந்த வரியே பதில் சொல்லும்.

எத்தனை காரணிகள்? எந்தக் காரணியும் இந்தப் பகா எண்களில் சிலவற்றை எடுத்துப் பெருக்கியதுதான். 2-ஐ எடுக்காமலே விடலாம், அல்லது ஒன்று முதல் நான்கு முறை வரை எடுக்கலாம், ஆக 5 வழிகள். 3-க்கு 3 வழிகள். மற்ற நான்கும் எடுக்கலாம் அல்லது விடலாம், தலா 2. பெருக்கினால் 5 × 3 × 2 × 2 × 2 × 2 = 240. அடுக்கோடு 1 கூட்டிப் பெருக்கச் சொல்லும் சூத்திரம் இதுதான், அந்த 1 எடுக்காமல் விடும் வழிக்கானது. இது புரிந்துவிட்டால் ஒற்றைப்படைக் காரணிகளை எண்ணத் தனிச் சூத்திரம் எதுவும் தேவையில்லை: 2-ஐ எடுக்கவே கூடாது, எனவே 5-க்குப் பதில் 1, விடை 48.

காரணிகளின் கூட்டுத்தொகை வேண்டுமென்றால் (1+2+4+8+16) × (1+3+9) × 6 × 8 × 12 × 14 = 3249792, அதாவது எண்ணைப் போல நாலரை மடங்குக்கும் சற்று மேல். வர்க்க எண்ணா? இல்லை, 5-இன் அடுக்கு ஒற்றைப்படை.

அப்புறம், 1 முதல் 16 வரை எல்லாவற்றாலும் வகுபடும் மிகச் சிறிய எண்ணும் இதுதான். 16-க்காக 2⁴ வேண்டும், 9-க்காக 3² வேண்டும், 5, 7, 11, 13 தலா ஒன்று. இதில் எதைக் குறைத்தாலும் ஏதோ ஒன்று வகுபடாமல் போகும்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது அந்த 240-தான். 720720-க்குக் கீழே எந்த எண்ணுக்கும் அத்தனை காரணிகள் கிடையாது, 665280-க்கே 224தான். இப்படித் தனக்கு முந்தைய எல்லா எண்களையும் காரணிகளில் மிஞ்சும் எண்களைப் பற்றி ராமானுஜன் 1915-இல் நீண்ட ஆய்வுக் கட்டுரை எழுதினார். அவற்றின் அடுக்குகள் 4, 2, 1, 1 என்று இறங்கலாம் அல்லது சமமாகத் தொடரலாம், ஏறவே ஏறாது. ஏன் என்று பார்க்க 2, 3 இரண்டின் அடுக்குகளை மட்டும் மாற்றிப் போடுங்கள்: காரணிகள் அதே 240, எண் மட்டும் 1621620 ஆகிவிடும்.