பழைய ஆர்எக்ஸ்-8 வாங்கப் போகிறீர்களா?

பழைய மஸ்டா ஆர்எக்ஸ்-8 ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று மலிவாக விலைக்கு வந்தால் ஆசை வரத்தான் செய்யும். ஏ9 வீதியில் ஒரு ஓட்டம் ஓடி, "நல்லா இழுக்குது" என்று முற்பணம் கொடுத்துவிடாதீர்கள். அதில் பிஸ்டன் இல்லை, முக்கோண ரோட்டர் சுழலும் ரோட்டரி எஞ்சின். ரோட்டரின் முனை சீல் தேய்ந்தால் கம்பிரஷன், அதாவது உள்ளே காற்றை அழுத்தும் பலம், இறங்கும். அப்புறம் எஞ்சினைக் கழற்றித்தான் ஆகவேண்டும். நன்றாகச் சூடான எஞ்சினை நிறுத்தி, பத்து நிமிடத்தில் திரும்ப ஸ்டார்ட் பண்ணிப் பாருங்கள். கனநேரம் சுற்றியும் பிடிக்காவிட்டால் சந்தேகப்படுங்கள். சரியாக அளக்க ரோட்டரிக்கென்றே உள்ள கம்பிரஷன் மீட்டர் வேண்டும். கிளிநொச்சியில் கிடைக்காவிட்டால், கொழும்புக்குக் கொண்டுபோகும் செலவையும் கழித்தே விலை பேசுங்கள். ஒயிலைக் கொஞ்சம் கொஞ்சமாக எரிப்பது அதன் அமைப்பு, பழுதல்ல. பெற்றோல் அடிக்கும்போதெல்லாம் ஒயில் மட்டம் காட்டும் டிப்ஸ்டிக்கை இழுத்துப் பாருங்கள். பிறகு, அது தாழ்ந்த வண்டி. உங்கள் கிரவல் ஒழுங்கையில் அடி தட்டுமா என்பதையும் பாருங்கள்.