காடிஸில் சல்சா, பச்சாத்தா ஆடப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்பெயினின் தெற்கே, ஏறக்குறைய நாலாபக்கமும் கடல் சூழ்ந்த காடிஸ் சின்ன ஊர்தான், மக்கள்தொகை சுமார் 1.1 லட்சம். தலைநகர் மத்ரித் மாதிரி தினம் ஒரு கிளப் என்று மாறி மாறிப் போக முடியாது. சல்சா, பச்சாத்தா என்ற இந்த ஜோடி நடனங்களுக்கு வாரத்தில் ஓரிரு இரவு, அதே கூடம், அதே முகங்கள். இந்த வாரம் ஒருவர் மனம் நோகும்படி ஆடினால் அடுத்த வாரமும் அவர் எதிரில்தான் நிற்பீர்கள்.

முதலில் நேரம். இங்கே இரவுச் சாப்பாடே ஒன்பதரை, பத்து மணிக்குத்தான். பல இடங்களில் முதலில் ஒரு வகுப்பு நடக்கும், நள்ளிரவு நெருங்கும்போதுதான் ஆட்டம் சூடுபிடிக்கும். 'எனக்குத்தான் அடிப்படை தெரியுமே' என்று வகுப்பு முடிந்தபிறகு வருகிறார்கள் பலர். அது வேண்டாம், புதியவருக்கு நாலு பேர் முகம் பழகுவதே அந்த ஒரு மணி நேரத்தில்தான்.

பெரிய தவறு பச்சாத்தாவில் நடக்கிறது. பச்சாத்தா டொமினிக்கன் குடியரசில் பிறந்தது, 2019-இல் யுனெஸ்கோ பட்டியலிலும் இடம்பெற்றது. ஆனால் நெருங்கி நின்று உடலை அலைபோல் அசைத்து ஆடும் 'பச்சாத்தா சென்சுவல்' என்ற பாணியை உருவாக்கிய கோர்க்கே, ஹூடித் ஜோடி இந்த ஊரைச் சேர்ந்தவர்கள். அதனாலேயே வீடியோ பார்த்துவிட்டு வருகிறவர்கள், முன்பின் தெரியாத ஒருவரோடு முதல் பாட்டிலேயே உடல் அலை, தலைச்சுழற்சி எல்லாம் முயல்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். கை தோள்பட்டை எலும்பின்மேல் இருக்க வேண்டும், அலை அங்கிருந்து மெதுவாகத் தொடங்கும். பின்கழுத்தில் கை வைத்துத் தலையைத் தள்ளினால் சுளுக்கிக்கொள்ளும், அப்படிக் கழுத்தைப் பிடித்தபடி நாற்காலியில் போய் உட்கார்ந்த பெண்ணைப் பார்த்திருக்கிறேன். முதல் பாட்டுக்கு அடிப்படை அடிகள் போதும், நான்காவது எண்ணிக்கையில் இடுப்பு தாளத்தோடு சேர்ந்தால் அதுவே அழகு. அவர் விலகி நின்றால் விலகியே ஆடுங்கள்.

சல்சாவிலும் கவனம் தேவை. நேர்கோட்டு சல்சா ஒரு கோட்டில் முன்னும் பின்னும் போகும், கியூபச் சல்சா ஒருவரையொருவர் சுற்றி வரும். எதிரில் இருப்பவர் எதைக் கற்றவர் என்று முதல் எட்டு எண்ணிக்கையிலேயே தெரிந்துவிடும், சரி, அதற்கு ஏற்ப ஆடுங்கள். ருவேதா என்பது பல ஜோடிகள் வட்டமாக நின்று, ஒருவர் சொல்லும் அழைப்புச் சொல்லுக்கு ஏற்ப ஒன்றாக ஆடும் கியூபச் சல்சா; அந்தச் சொற்கள் தெரியாமல் நுழைய வேண்டாம், ஒருவர் தடுமாறினால் வட்டமே நின்றுவிடும்.

ஆடும்போது பாடம் எடுக்காதீர்கள், கேட்டால் மட்டும் சொல்லுங்கள். ஆட அழைக்கக் கையை நீட்டி "பைலாஸ்?" (ஆடுகிறாயா?) என்றால் போதும், ஆண் பெண் யாரும் யாரையும் கேட்கலாம். மறுத்தால் ஏன் என்று கேட்கக் கூடாது.

அப்புறம், பார் கவுண்டர். நாம் ஆடுகிறவர்கள் குடிப்பது குறைவு, பலர் வீட்டிலிருந்து தண்ணீர் பாட்டிலோடு வருகிறோம். கடைக்காரருக்கு அன்றைய கல்லாதான் கணக்கு. எனக்கு மிகப் பிடித்த ஒரு வாராந்திர நடன இரவு இப்படித்தான் நின்றுபோனது, கூடம் நிறைய ஆள், வியாபாரம் மட்டும் இல்லை. நுழைவுக்கட்டணத்தில் ஒரு பானம் அடங்கியிருந்தாலும் இன்னொரு ஜூஸாவது வாங்குங்கள்.

மாற்றுச் சட்டை இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள், லெவாந்தே என்ற கிழக்குக் காற்று வீசும் கோடை நாளென்றால் மூன்று. கிளம்பும்போது, ஆடியவர்களிடம் சொல்லிக்கொண்டு போங்கள்.