நாள்பட்ட முதுகுவலிக்குத் தொடு பயிற்சி: வீட்டில் செய்யும் முறை

பவானியில் குழித்தறி நெசவாளர்களுக்கு இயன்முறை மருத்துவம் பார்க்கிறேன். பலர் கையில் ஸ்கேன் உறையோடு வந்து, "தேய்ந்துவிட்டது என்கிறார்கள், இனி என்ன செய்ய முடியும்?" என்று கேட்கிறார்கள். செய்ய நிறைய இருக்கிறது. மூன்று மாதம் தாண்டிய வலியைத் தேய்மானம் மட்டும் தீர்மானிப்பதில்லை. வலிக்கும் இடத்தை மூளை எவ்வளவு தெளிவாக அறிந்து வைத்திருக்கிறது என்பதும் அதில் சேர்கிறது.

மூளையின் மேற்பரப்பில் உடலுக்கு ஒரு வரைபடம் உண்டு. மான்ட்ரியலில் அறுவை சிகிச்சை செய்துவந்த வைல்டர் பென்ஃபீல்ட், விழித்திருந்த நோயாளிகளின் மூளையில் மெல்லிய மின்சாரம் செலுத்தி, எந்தப் பகுதி எந்த உறுப்புக்கு உரியது என்று 1937இல் வெளியிட்டார். கைக்கும் உதட்டுக்கும் அதில் தாராளமான இடம்; முதுகுக்குக் கொஞ்சம்தான். வலி நீடிக்கும்போது அந்தக் கொஞ்சமும் மங்கிவிடலாம். ஆஸ்திரேலிய ஆய்வாளர் லோரிமர் மோஸ்லி 2008இல் முதுகுவலிக்காரர்களிடம், தங்கள் முதுகை உணர்கிறபடி வரையச் சொன்னார். வலித்த இடத்தில் கோடு விடுபட்டது.

இதை நானே கண்டிருக்கிறேன். ஜமக்காளம் நெய்யும் ஒரு பெரியவர் இடப்பக்கத்தைத் தோளிலிருந்து இடுப்புவரை ஒரே இழுப்பில் வரைந்தார். வலப்பக்கம் விலா முடியும் இடத்தில் பென்சில் நின்றது. தாளுக்கு மேலேயே சற்றுநேரம் அசைந்தது. "அதற்குக் கீழே தெரியவில்லைங்க, அம்மணி" என்றார். பாவில் ஓர் இழை அறுந்தால் விரலாலேயே கண்டுபிடிக்கிற மனிதர் அவர்.

நீங்களும் அப்படித்தான் தொடங்க வேண்டும். முதுகைத் தொடாமல், கண்ணாடி பார்க்காமல் வரையுங்கள். தெரியாததை ஊகித்து நிரப்ப வேண்டாம். பிறகு குப்புறப் படுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் ஒருவர் இரண்டு தீக்குச்சிகளின் மருந்து முனையால் ஒரே நேரத்தில் மெல்லத் தொடட்டும்; இடையிடையே ஒன்றால் மட்டும். தொட்டது ஒன்றா இரண்டா என்று நீங்கள் சொல்ல வேண்டும். விரல் நுனியில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளியே இரண்டாகத் தெரியும். முதுகில் நலமானவர்களுக்கே நான்கைந்து சென்டிமீட்டர் வேண்டியிருக்கும். ஆகவே இரண்டாகத் தெரியத் தொடங்கும் இடைவெளியை, வலிக்கும் பக்கத்தையும் வலிக்காத பக்கத்தையும் ஒப்பிட்டுக் குறித்துவையுங்கள்.

இனிப் பயிற்சி. வலிக்கும் பகுதியில் பேனாவால் ஒன்பது புள்ளிகள் வைத்து எண் கொடுங்கள். அதே படத்தைத் தாளிலும் வரைந்து படுத்திருப்பவர் கண்முன் வையுங்கள். ஒரு பேனா மூடி, ஓர் எண்ணெய்ப் பாட்டில் மூடி போதும். உதவுபவர் வரிசையில்லாமல் தொட, படுத்திருப்பவர் "நான்கு, பேனா மூடி" என்று எண்ணையும் பொருளையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தவறினால் உடனே திருத்தி, அதே இடத்தை மறுபடி தொட வேண்டும். பத்துக்கு எட்டு சரியாக வரும்போது புள்ளிகளை நெருக்குங்கள். காலையும் மாலையும் பத்துப் பத்து நிமிடம் என்று நான் சொல்வது வழக்கம்.

அந்த நேரத்தில் டிவியை அணைத்துவிடுங்கள். இதில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. 2008இல் நாள்பட்ட கை கால் வலி உள்ளவர்களிடம் நடந்த சிறிய ஆய்வில், வெறுமனே தொட்டபோது வலி குறையவில்லை. எங்கே, எது என்று பிரித்துச் சொல்ல வேண்டியிருந்தபோது குறைந்தது. எண்ணெய் தேய்த்து நீவிவிடுவது இதமானதுதான், ஆனால் அது இந்த வேலையைச் செய்யாது. மாமியாருக்கு மருமகள் செய்துவிடும் வீடுகளில், முதல் வாரம் இருவருக்கும் கூச்சமாக இருக்கும். ரவிக்கைக்கு மேலேயே மெல்லிய துணி வழியாகத் தொடங்கலாம்.

குனிந்து நிமிரும் பயிற்சியின்போது, முன்னால் ஒன்று பின்னால் ஒன்றாக இரண்டு கண்ணாடி வைத்து உங்கள் முதுகைப் பாருங்கள். பார்த்துக்கொண்டே அசைந்தவர்களுக்கு வலி குறைவாக இருந்ததாக ஆய்வு உண்டு. நான் பார்த்தவரை அசைவில் பயமும் குறைகிறது.

எவ்வளவு பலன் கிடைக்கும்? தொடு பயிற்சியோடு அசைவுப் பயிற்சியும் வலியைப் பற்றிய விளக்கமும் சேர்த்து ஆஸ்திரேலியாவில் 276 பேரிடம் நடந்த சோதனை 2022இல் வெளியானது. 18 வாரம் கழித்து, ஒப்பீட்டுக் குழுவைவிட, பத்துப் புள்ளி அளவுகோலில் ஒரு புள்ளி அளவு வலி கூடுதலாகக் குறைந்திருந்தது. சிறிய வித்தியாசம்தான். ஆனால் காலை முழுக்கத் தறிக்குழியில் உட்கார வேண்டியவருக்கு நான் அதைச் சிறியது என்று சொல்லமாட்டேன்.

மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். காய்ச்சல், காரணமில்லாத எடைக்குறைவு, கீழே விழுந்தபின் வந்த வலி ஆகியவை இருந்தால் முதலில் மருத்துவரைப் பாருங்கள். காலில் திடீர் பலவீனம், தொடையிடுக்கில் மரத்துப்போதல், சிறுநீர் கட்டுப்படாமை வந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். தொடுவதே எரிச்சலாக இருப்பவர்கள் வலியில்லாத ஓரத்திலிருந்து தொடங்கி, நாளுக்கு ஒரு விரற்கடை உள்ளே வரலாம்.