மவுண்ட் ஐசாவிலிருந்து ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் போகிறவர்களுக்கு

ஆஸ்திரேலியாவில் வேலை மாறி, குயின்ஸ்லாந்து மாநிலத்தின் மவுண்ட் ஐசாவிலிருந்து நார்தர்ன் டெரிட்டரியின் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் போகிறீர்களா? மெடிகேர் என்கிற அரசு மருத்துவக் காப்பீடு, வங்கி, விசா கணக்கு எல்லாவற்றிலும் முகவரியை மாற்றுங்கள், குயின்ஸ்லாந்து ஓட்டுநர் உரிமத்தையும் மாற்றிக்கொள்ளுங்கள். அதெல்லாம் ஒரு மதியத்தில் முடிகிற வேலை. நான் சொல்ல வந்தது வேறு.

தூரம் பார்க்கும் தளத்தில் இரண்டு ஊர்ப் பெயரையும் போட்டால், சுமார் 665 கிலோமீட்டர், விமானத்தில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட என்று வரும். சென்னையிலிருந்து கன்னியாகுமரி தூரம்தானே, சாயங்காலம் ரயில் ஏறினால் விடியும்போது இறங்கிவிடலாமே என்று நம் புத்தி உடனே கணக்குப் போடும், என் புத்தியும் போட்டது. அது நேர்கோட்டில் அளந்த வான்வழித் தூரம், அந்த நேரமும் நேராகப் பறக்கிற விமானம் ஒன்று இருந்தால்தான். நான் தேடியபோது அப்படி ஒன்று இல்லை. பிரிஸ்பேன் போய்த்தான் வர வேண்டும்: கிழக்கே 1,570 கிலோமீட்டர், திரும்ப மேற்கே கிட்டத்தட்ட 2,000. தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற கதை.

சரி, போகலாம் என்றால், இருநூறு டாலர் மிச்சம் என்று இரண்டு கம்பெனியில் தனித்தனி டிக்கெட் போட்டேன். அங்கேதான் மாட்டினேன். முதல் விமானம் மூன்று மணி நேரம் தாமதம். பிரிஸ்பேனில் இறங்கி, குக்கரும் மாவு மெஷினும் வைத்த பெட்டிக்காக பெல்ட் பக்கத்தில் நிற்கும்போதே அடுத்தது கிளம்பிவிட்டது. இரண்டாவது கம்பெனிக்காரர்கள், நீங்கள் வரவில்லை, டிக்கெட் போச்சு என்றார்கள். முதல் கம்பெனி, அது எங்கள் டிக்கெட் இல்லையே என்றது. இடம் கிடைத்தது இரண்டு நாள் கழித்துத்தான். புது டிக்கெட், இரண்டு ராத்திரி ஓட்டல், முதல் நாளே வேலைக்கு லீவு. ஓட்டல் அறையில் உட்கார்ந்து, வழிக்கென்று கட்டிக்கொண்டு வந்த புளியோதரையை மூன்று வேளை தின்றேன். ஆகவே விலை கூடினாலும் ஒரே பதிவில் இரண்டு விமானத்தையும் போடுங்கள். முதலாவது தாமதமானால் அடுத்ததில் ஏற்றிவிடுவது அவர்கள் பொறுப்பு. இன்னொன்று, நார்தர்ன் டெரிட்டரி குயின்ஸ்லாந்தைவிட வருடம் முழுக்க அரை மணி பின்னால். டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம்.

காரில் போகலாமே என்பீர்கள். அடுத்த வருடம் போனேன். சாலை வழியே ஏறக்குறைய 1,170 கிலோமீட்டர், 665 இல்லை. வழியில் வரும் கேமுவீல் என்ற சின்ன ஊரில் டேங்கை நிரப்புங்கள், அடுத்த பெட்ரோல் 260 கிலோமீட்டர் தாண்டி பார்க்லி ஹோம்ஸ்டெட் என்ற சாலையோர விடுதியில்தான். நம் ஊரில் பத்துக் கிலோமீட்டருக்கு ஒரு டீக்கடை பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்த வெறும் புல்வெளி என்னவோ செய்யும். எதிரே ரோடு டிரெயின், அதாவது பல டிரெய்லர்களை இழுத்து வரும் ஐம்பது மீட்டர் நீள லாரி, வந்தால் காற்றில் வண்டி ஒரு ஆட்டு ஆட்டும், ஸ்டியரிங்கை இறுகப் பிடியுங்கள். பொழுது சாய்ந்தபின் ஓட்டவே ஓட்டாதீர்கள், கங்காரு குறுக்கே வரும். வாடகைக் கார் என்றால் இருட்டில் இடித்ததற்கு இன்சூரன்ஸ் உண்டா என்று ஒப்பந்தத்தைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். வழியில் இருக்கிற டெனன்ட் கிரீக் ஊரில் ராத்திரி தங்கினால் மறுநாள் ஐந்நூறு கிலோமீட்டர்தான் மீதி. அறையை முன்னாடியே பிடித்துவிடுங்கள், நாங்கள் போன அன்று மூன்றாவது இடத்தில்தான் கிடைத்தது.